கீழ்த்தாடை

மார்ச் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது எழுதுவது ஒரு காரியத்துக்காகத்தான். வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். பல் கட்டிக்கொள்ள வந்திருக்கிறேன். கீழ்த்தாடை எலும்பில் நான்கு இடத்தில் திருகு வைத்து, மூன்று மாதம் ஆறவிட்டு, அதன்மேல் பல்வரிசையை நிரந்தரமாகப் பூட்டிவிடுவார்கள். கழற்ற வேண்டியதில்லை, தம்ளரில் போட்டு வைக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கேட்டதில் கால் பங்குக்கு முடிகிறது, விமானச் செலவும் சேர்த்தே. எங்கள் பேருந்து நிலைய அலுவலகத்தில் ஒருத்தியின் மாமனார் இங்கே வந்து கட்டிக்கொண்டு போய், இப்போது வேர்க்கடலையைக் கடித்துத் தின்கிறாராம்.

மருத்துவர் என் பழைய எக்ஸ்ரே வேண்டும் என்கிறார். எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவாம். எட்டு வருடத்துக்கு முன்னால் பல் எல்லாம் பிடுங்கியபோது எடுத்தது உன் பட்டறையில்தான் இருக்கும். அப்போது என் தாடைக்கு எடுத்த மாவு அச்சும் இருந்தால் அளவோடு படம் எடுத்து இந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பு. போனில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு ஏதாவது பேசிவிடுவேன்.

வியாழக்கிழமை அறுவை. அதற்குள் வேண்டும்.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எக்ஸ்ரேயும் அச்சின் படங்களும் இத்துடன் இருக்கின்றன. அச்சைத் தேடவே இல்லை. என் மேசைக்கு நேர் மேலே இரண்டாவது தட்டில்தான் எப்போதும் இருக்கிறது.

இருபத்தாறு வருடமாகப் பல்செட் செய்து பிழைக்கிறேன். எத்தனையோ பல் மருத்துவர்கள் என்னிடம் வேலை கொடுக்கிறார்கள். என் அக்கா பல்லுக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கிறாள் என்பது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். போகட்டும். போனபிறகு சொல்லி என்ன.

இப்போது தொழில்காரனாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். வைக்கிற திருகு எந்தக் கம்பெனி என்று கேள். அதன் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள். நாளைக்கு ஏதாவது கழன்றால் இங்கே அதற்குச் சாவி தேட வேண்டியிருக்கும். அடுத்து, நீ சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் சொல். சர்க்கரைக்கு, ரத்தம் இளக, எலும்புக்கு, எதுவானாலும். போன வருடம் உனக்கு மணிக்கட்டு உடைந்தது என்று என் மனைவி யார் மூலமோ கேள்விப்பட்டுச் சொன்னாள். அதற்குமுன் ஒருமுறை கால் விரல் உடைந்தது எனக்கே தெரியும். இப்படி உடைகிறவர்களுக்கு எலும்பு உறுதியாக ஒரு ஊசி போடுவார்கள். அந்த ஊசி போட்டவர்களுக்குத் தாடையில் துளை போட்டால் சிலருக்கு எலும்பு ஆறாது. எல்லாருக்கும் இல்லை, வெகு சிலருக்குத்தான். ஆனால் வந்தால் லேசில் போகாது. உனக்கு அந்த ஊசி போட்டார்களா?

என் மகள் கல்யாணத்தன்று நடந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. ஒன்று மட்டும். செட் நழுவாமலிருக்கப் பசை தடவச் சொல்லியிருந்தேன்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

நான்கும் வைத்தாயிற்று. பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

இது ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே உள்ள விடுதி. மூன்றாவது மாடி முழுக்க எங்களைப் போன்றவர்கள்தான். எல்லாருக்கும் ஒரு கன்னம் பெரிது, ஒரு கன்னம் சிறிது. காலையில் கீழே சாப்பாட்டு அறையில் சத்தமே இருக்காது. இருபது பேர் உட்கார்ந்து ஸ்பூனால் சூப்பை உள்ளே தள்ளிக்கொண்டிருப்போம். எதிர் அறையில் ஒரு லாரிக்காரர். ஓய்வு பெற்றவர், நம் மொழிக்காரர். "முப்பது வருஷம் ஸ்டியரிங்க பிடிச்சுக்கிட்டே தின்னேம்மா. எதையும் மென்னதில்ல, முழுங்கினதுதான். இப்ப ஆற அமர மெல்லணும்னு ஆசையா இருக்கு" என்றார். சிரித்தால் தையல் பிரியும் என்று இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

பசை தடவச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். தடவித்தான் வந்தேன், தம்பி. அன்று காலையில் இரண்டு தடவை தடவினேன்.

நீயே என்னைக் கூப்பிட்டாய். நம் குடும்பத்தின் சார்பில் அக்கா இரண்டு வார்த்தை பேசுவாள் என்றாய். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலைய விசாரணைக் கூண்டில் உட்கார்ந்து, நாளுக்கு ஆயிரம் பேருக்குப் பதில் சொன்ன வாய். அப்பா எனக்கு வாயாடி என்று பேரே வைத்திருந்தார். நான் பயப்படவே இல்லை. "எங்க பொண்ண உங்க பொறுப்புல" என்று தொடங்கினேன். கீழ்செட் எகிறி மைக்கில் மோதியது. அந்தச் சத்தம் எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. பிறகு மாப்பிள்ளையின் அம்மாவின் காலடியில் போய் விழுந்தது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் மண்டபமே சிரித்தது. நான் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

குனிந்து அதை எடுத்தது நான்தான். ஒருவரும் எடுத்துத் தரவில்லை.

அடுத்த வாரமே கூண்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடமாகப் பின்னறையில் கால அட்டவணை தட்டச்சு செய்கிறேன். இந்தப் பல் வந்ததும் மறுபடி கூண்டுக்குப் போகிறேன். அதற்காகத்தான் வந்தேன், வேர்க்கடலைக்காக இல்லை.

மருத்துவர் நல்ல மனிதர். எல்லாம் கேட்டுத்தான் செய்தார்.

அக்கா


மார்ச் 13

அக்கா,

கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. ஊசி போட்டார்களா இல்லையா?

சிரித்ததற்கு என்ன சொல்வது. பதற்றத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும். அப்பா இறந்த அன்றுகூட எனக்கு அப்படி வந்தது, உனக்கே தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வீட்டுப் பக்கம் வராமல் இருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. நானும் வந்து கூப்பிட்டிருக்கலாம். மூன்று முறை பேருந்து ஏறி உங்கள் நிலையம் வரைக்கும் வந்தேன். கூண்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வேறு ஒன்றும் உன்னிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. எழுத்தில் வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

வாயை உப்புத் தண்ணீரால் கொப்பளி. அழுத்திக் கொப்பளிக்காதே.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

இரண்டாம் முறை போய்வந்துவிட்டேன். பல் பூட்டியாயிற்று. வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஆப்பிளை நறுக்காமல் கடித்தேன். அந்தச் சத்தத்துக்கு எனக்கே பயமாகிவிட்டது. கண்ணாடிக்கு எதிரே நின்றுகொண்டு ஒரு ஆப்பிளை முழுதாகத் தின்று தீர்த்தேன்.

திங்கட்கிழமை கூண்டில் உட்கார்ந்தேன். நிலைய மேலாளர் வந்து, "வாங்கம்மா, நீங்க இல்லாம ஜனங்க பாதிப் பேர் தப்பு பஸ்ல ஏறிட்டாங்க" என்றார். முதல் நாள் சாயங்காலம் தொண்டை கட்டிவிட்டது. அவ்வளவு பேசியிருக்கிறேன். ஒரு கிழவர் ஒரே பேருந்தைப் பற்றி நான்கு முறை வந்து கேட்டார். நான்கு முறையும் சொன்னேன். ஐந்தாவது முறை கேட்க மாட்டாரா என்று இருந்தது.

இடது பக்கம் கடைசித் திருகுக்குப் பக்கத்தில் ஈறு மட்டும் இன்னும் மூடவில்லை. கீழுதட்டில் அந்தப் பக்கம் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது. வைத்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். உடனே ஊரிலேயே ஒருவரிடம் காட்டச் சொன்னார்கள். காட்டுகிறேன், அவசரமில்லை.

உன் மகள் போன வாரம் கூப்பிட்டாள். பேசினேன். அவள்மேல் எனக்கு என்ன கோபம்.

அக்கா


ஜூன் 25

அக்கா,

சந்தோஷப்பட்டு எழுதியிருக்கிறாய், என்னால் உட்கார முடியவில்லை. மூன்று மாதத்துக்கு மேலாகியும் ஈறு மூடவில்லை, உதடு மரக்கிறது என்றால் அது அவசரம்தான். நாளைக்கே போ. வாய் அறுவை மருத்துவர் இருக்கிற பெரிய மருத்துவமனைக்குப் போ. தெருமுனையில் இருப்பவரிடம் வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். ஊசி போட்டாயா? ஆமாம், இல்லை, இதில் ஒன்றை எழுது. போதும்.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

ஆமாம்.

முதல் எலும்பு முறிவுக்குப் பிறகு மாத்திரை. அப்புறம் நான்கு வருடம், வருடத்துக்கு ஒரு ஊசி. நீ முதலில் கேட்டபோதே எனக்குத் தெரியும்.

வெளிநாடு போவதற்கு முன்னால் இங்கே ஒரு பல் மருத்துவரிடம் போனேன். அவர் சொன்ன தொகை ஒரு பக்கம் இருக்கட்டும். ஊசி என்றதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வேண்டாம்மா, இருக்கிற செட்டோடயே சமாளிச்சுக்கங்க" என்றார். அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன், இனி எவரிடமும் சொல்வதில்லை என்று.

அங்கே ஒரு பெண் பட்டியலைப் பார்த்து நம் மொழியில் வாசித்தாள். "எலும்புக்கு ஊசி, மாத்திரை ஏதாவது?" இல்லை என்றேன். மருத்துவர் உள்ளே வந்து என் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்துவிட்டு அவளை மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடியும் இல்லை என்றேன். கையெழுத்தும் போட்டேன். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு முறை கதவைத் திறந்து வைத்தார்கள். நான்தான் இரண்டு முறையும் சாத்தினேன்.

இப்போது ஈறு விலகி எலும்பு தெரிகிறது. மஞ்சளாக, ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்கு. வாயில் நாற்றம். கூண்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாது, ஆனால் பக்கத்து நாற்காலிக்காரி ஜன்னலைத் திறந்து வைக்கத் தொடங்கினாள். அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்து வாரம் உட்கார்ந்தேன் கூண்டில். அவ்வளவுதான்.

பெரிய மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். இடது பக்கம் எலும்பு செத்துக்கொண்டு வருகிறதாம். திருகு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எலும்பையும் ஒரு பாகம் வெட்ட வேண்டியிருக்கலாம்.

நீ திட்டுவாய். திட்டு.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா,

திட்டவில்லை. திட்டுகிற இடத்தில் நான் இல்லை.

நேரில் சொல்கிறேன் என்று மார்ச்சில் எழுதினேனே, அதை இப்போது எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் செட் ஆடுகிறது, புதிதாக அச்சு எடு என்று கேட்டாய். மூன்று முறை கேட்டாய். எனக்குக் கல்யாண வேலை. வா, பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசி வாரம் நீ முகம் சுளித்ததும், தட்டிலிருந்த ஆறு வருடப் பழைய அச்சை எடுத்து அதிலேயே புது செட் செய்தேன். ஆறு வருடத்தில் தாடை எவ்வளவு தேயும் என்று தொழில் பழகுகிறவனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? பளபளவென்று மெருகு போட்டுக் கொடுத்தேன். புதிதாக அச்சு எடுக்க வேண்டியதில்லை என்று நான் சொன்னதை நீ நம்பினாய். உன் வாய்க்கு அது பொருந்தவே இல்லை. எவ்வளவு பசை தடவியிருந்தாலும் நிற்காது.

அது எகிறி விழுந்த நொடியே எனக்குக் காரணம் தெரியும். இரண்டாவது வரிசையில் எனக்கு வேலை கொடுக்கிற பல் மருத்துவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செட் என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியும். நான் முகம் கறுத்து நின்றிருந்தால் தப்பு என்மேல் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். அதனால் சிரித்தேன். பதற்றம் எல்லாம் இல்லை. யோசித்துத்தான் சிரித்தேன். சாப்பாட்டின்போது அவர்களிடம், "அக்கா பசை போட மறந்துட்டா, வயசாகுதுல்ல" என்றும் சொன்னேன்.

அன்று சாயங்காலமே உன்னிடம் வந்து, என் தப்பு, நாளைக்கே புது அச்சு எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால், நீ கூண்டை விட்டிருக்க மாட்டாய். கடல் தாண்டியிருக்க மாட்டாய். நீ பொய் சொன்னது இரண்டு முறை. நான் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாளை காலைப் பேருந்தில் வருகிறேன். மருத்துவமனைக்கு நான் அழைத்துப் போகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 3, சாயங்காலம்

வராதே.

வயதாகிறது என்றா சொன்னாய்? அப்போது எனக்கு ஐம்பத்தைந்து.

இந்த இரண்டு வருடமும் நான் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவைக்குப் பதில் மூன்று தடவை தடவியிருக்கலாமோ, அந்த வார்த்தையை அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று. தனியாக வீட்டில் உட்கார்ந்து "பொறுப்பு, பொறுப்பு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், எங்கே தவறியது என்று தெரிந்துகொள்ள. பைத்தியம் மாதிரி.

நீ வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். மருத்துவமனைக்கும் வராதே. கையெழுத்துப் போட என் தோழி இருக்கிறாள்.


அக்டோபர் 6

அக்கா,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நீ வராதே என்றாய். நான் வந்தேன். என் மகளிடம் கேட்டு நாளைத் தெரிந்துகொண்டு, செப்டம்பர் ஒன்பதாம் தேதி, அறுவை நடந்த அன்று, இரண்டாவது மாடி நடைபாதையில் காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். உன் தோழிக்கு என்னை அடையாளம் தெரியாது. என் பக்கத்து நாற்காலியில்தான் உன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "எங்க அக்காவுக்கு, தாடையில" என்றேன். "எங்களுக்கும் தாடைதான்" என்றார். பிஸ்கெட் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், தின்ன முடியவில்லை.

ஏழு மணி நேரம். மருத்துவர் வெளியே வந்து உன் தோழியிடம் சொன்னதை நானும் கேட்டேன். இடது பக்கம் முன்பல் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கடைவாய் வரைக்கும் எலும்பை எடுத்துவிட்டதாகவும், அங்கே உலோகத் தகடு வைத்திருப்பதாகவும், இனி அந்தப் பக்கம் பல் கட்ட வழியில்லை என்றும் சொன்னார். தோழி கேட்டார், "பேச்சு வருமா டாக்டர்?" அவர், "வரும். பழைய மாதிரி வராது" என்றார்.

உன்னை வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு கதவுக் கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்த்தேன். முகம் முழுக்கக் கட்டு. போர்வைக்கு வெளியே ஒரு கை. பெரிய நர்ஸ் வந்து யார் என்று கேட்டார். தவறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் அந்த நான்கு மருத்துவர்களிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அன்றே சொல்ல வேண்டியதை இன்று சொல்லிப் பெருமை என்ன. உன்னைப் பற்றி நான் சொன்ன பொய் அவர்கள் மனதில் அப்படியே கிடக்கக்கூடாது என்று தோன்றியது.

மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. நீ எப்படிச் சாப்பிடுகிறாய், வலி இருக்கிறதா, அதை மட்டும் ஒரு வரி எழுது.

தம்பி


நவம்பர் 17

தம்பிக்கு,

வலி குறைந்திருக்கிறது. எல்லாவற்றையும் அரைத்துக் குடிக்கிறேன். இடது பக்க உதட்டில் உணர்ச்சி இல்லாததால் குடிப்பது வழிந்தாலும் தெரிவதில்லை. கழுத்து நனைந்த பிறகுதான் தெரியும்.

பேச்சு வருகிறது. தோழிக்குப் புரிகிறது. மற்றவர்கள் இரண்டு முறை கேட்கிறார்கள், மூன்றாவது முறை கேட்கக் கூச்சப்பட்டுப் புரிந்த மாதிரித் தலையாட்டுகிறார்கள். முப்பத்தொரு வருடம் நான் அந்தப் பக்கம் இருந்தவள். வாய் குழறுகிற எத்தனையோ பேர் கண்ணாடிக்கு வெளியே நின்று ஊர் பேரைச் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார்கள். நான் பொறுமையாகக் கேட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

போன வாரம் வேலைக்குப் போனேன். பின்னறைதான். இனி பணி ஓய்வு வரைக்கும் பின்னறைதான். மேலாளர் நல்லபடியாகச் சொல்லத்தான் பார்த்தார். "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான்மா" என்றார். சரி என்றேன். அவருக்குப் புரியவில்லை. தலையாட்டினேன்.

அந்த நடைபாதையில் நீ இருந்தது எனக்குத் தெரியாது. பிஸ்கெட் வாங்கிக்கொண்டு தின்னாமல் கையிலேயே வைத்திருந்த ஒருவரைப் பற்றித் தோழி முன்பே சொல்லியிருந்தாள். பாவம், அவர் அக்காவுக்கு என்ன ஆயிற்றோ என்று நான்தான் கேட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. என்னைப் பற்றியும் அப்படி எழுத வரவில்லை. உன்னைத் திட்டத் தொடங்கினால் பாதியில் என் கையெழுத்து ஞாபகம் வந்துவிடுகிறது. என்னைத் திட்டிக்கொள்ளத் தொடங்கினால் நீ மெருகு போட்டது ஞாபகம் வந்துவிடுகிறது. எதையும் முழுதாகச் செய்ய முடியவில்லை. எனக்கு இருப்பது நீ ஒருவன்தான், அதிலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. பத்து மணிப் பேருந்து வேண்டாம், அது எல்லா ஊரிலும் நிற்கும். ஏழரைக்கு ஒன்று இருக்கிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் மூக்குக்குக் கீழே ஒரு துணியைக் கட்டிக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன். பால்காரர் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் மகள் வந்தபோதும் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். நீ வரும்போது கட்டிக்கொள்ள மாட்டேன். வாசலிலேயே நின்று நன்றாகப் பார்த்துக்கொள். எவ்வளவு நேரமானாலும் பார். பார்த்து முடித்த பிறகு உள்ளே வா.

அக்கா